தலையணையிலிருந்து தெரிந்த கண்கள்

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால், அது என் சாச்சியின், அதாவது சித்தியின், மகன் இஹ்ஸான்தான். ஏழு வயது. மரமுந்திரிகை மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்ட அன்றுகூட, மரம் பிழை, கொப்புப் பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை. ஏறாதே என்று உம்மா சொன்ன பிறகுதான் ஏறினேன் என்று அழுதுகொண்டே ஒத்துக்கொண்டான்.

அப்படிப்பட்டவன், ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கிற மரக் கரடி தன்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது என்று சொன்னான்.

யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் பெயர் நிப்லா. மருதமுனையில் இருக்கிறோம். தரம் ஆறு படிக்கிறேன். அந்தக் கரடியைச் செதுக்கி வர்ணம் பூசியது வேறு யாருமில்லை, என் வாப்பா ஸஹீத்.

வாப்பா வழமையாகக் கதவுக்கும் கட்டிலுக்கும் பூவும் கொடியும்தான் செதுக்குவார். சிறுபிள்ளைகள் வார்டுச் சுவர் வெறுமையாக இருக்கிறது, ஏதாவது செய்து தாருங்கள் என்று ஊர்ச் சங்கத்தில் கேட்டபோதுதான் முதன்முதலாக மிருகங்களைச் செதுக்கினார். கரடி, ஆந்தை, முதலை, மயில், சிறுத்தை என்று ஐந்து தலைகள். ஒவ்வொன்றும் சுளகு அளவு. வர்ணம் பூசி முடித்து, கடற்கரையில் வள்ளங்களுக்குப் பூசுகிற வார்னிஷை மேலே மூன்று தடவை பூசினார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். உப்புக்காற்றுக்குத் தாங்குவது அந்த வார்னிஷ் மட்டும்தான் என்று நம்புகிற ஊர் எங்கள் ஊர்.

இஹ்ஸானின் கட்டில் அந்தச் சுவருக்கு நேர் எதிரே இருந்தது. உடைந்த காலைக் கயிற்றால் நீட்டி இழுத்து, கட்டில் நுனியில் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். அவனால் எழும்ப முடியாது, ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. மல்லாந்து கிடந்து அந்த ஐந்து தலைகளையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவனுடைய வேலை.

பகலில் ஒன்றுமில்லை. மாலை ஆறு மணிக்கு வார்டில் விளக்குப் போட்டதும் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்குவான். இராச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. நித்திரையும் இல்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என் உம்மா காய்ச்சல் என்றார். சாச்சி பள்ளிவாசல் லெப்பையிடம் போய் ஓதின தண்ணீர் வாங்கி வந்து பருக்கினார். வாப்பா மட்டும் சிரித்தார். மரக்கட்டைக்கு எங்கே உயிர், ஆம்பிளைப் பிள்ளை இப்படிப் பொய் சொல்லக் கூடாது என்று இஹ்ஸானின் தலையைத் தடவிவிட்டு வந்தார். அன்றைக்கு இஹ்ஸான் அழவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு முகட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தான். எனக்கு அது அழுகையை விடக் கஷ்டமாக இருந்தது.

ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, இப்படியே போனது. பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டான். இஹ்ஸானின் வாப்பா கத்தாரில் இருக்கிறார். தனியாகக் கிடந்து பயந்துபோன சாச்சி, ஆஸ்பத்திரி டிக்கட்டை வெட்டித் தாருங்கள், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று டொக்டரிடம் கேட்டுவிட்டார். இன்னும் இரண்டு கிழமை பாரம் தொங்க வேண்டும், இப்போது கழற்றினால் எலும்பு கோணலாகப் பொருந்தி ஒரு கால் கட்டையாகிவிடும் என்று டொக்டர் சொன்னார்.

"கால் கட்டையானாலும் புள்ள உசிரோட இரிப்பான். இப்பிடியே கிடந்தா பயந்தே போயிருவான்" என்றார் சாச்சி. திங்கட்கிழமை கொண்டுபோவதென்று முடிவாகிவிட்டது.

அன்று புதன்கிழமை. சாச்சிக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு நான் வார்டுக்குப் போயிருந்தேன். ஐந்தரைக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டோ கிடைக்கவில்லை, மழை விடும் வரை அங்கேயே இரு என்று உம்மா சாச்சியின் போனுக்கு அழைத்துச் சொன்னார். அதனால்தான், சாச்சி தொழப் போயிருந்த நேரம், விளக்குப் போடும்போது நான் அங்கே இருந்தேன்.

மழை இருட்டில் வார்டு வேறு மாதிரி இருந்தது. ஜன்னல் திரைகள் ஈரக்காற்றில் உள்ளே வந்து வந்து போயின. யாரோ ஒரு பிள்ளை மெல்லிய குரலில் முனகிக்கொண்டிருந்தது. கதவோரக் கட்டிலில் இருந்த ஸம்றா என்ற சின்னப் பிள்ளை, நேரம் ஆகிவிட்டது என்று தெரிந்ததுபோலப் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டாள். அப்படியானால் இஹ்ஸான் மட்டும் இல்லை.

வார்டு நர்ஸ் கிருசிகா மிஸி சுவிட்சைப் போட்டார். காரைதீவு ஆள், நல்ல மனுசி.

இஹ்ஸான் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய கை சில்லென்றிருந்தது. நான் நின்றபடி சுவரைப் பார்த்தேன். கரடி கரடியாக இருந்தது. முதலை முதலையாக இருந்தது. ஒன்றுமே இல்லையே என்றேன்.

"நிண்டு பாத்தா தெரியாது ராத்தா. படுத்துப் பாருங்க."

ஒரு கிழமையாக எத்தனை பேர் வந்து எத்தனை புத்தி சொன்னார்கள். ஒருவராவது படுத்துப் பார்த்தாரா? நான் கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அவனுடைய தலையணையின் ஓரத்தில் கன்னத்தை வைத்தேன்.

கரடி கண்ணைத் திறந்தது.

முதலில் இடது கண், பிறகு வலது கண். வெள்ளையாக, எரிகிற மாதிரி. ஆந்தை திறந்தது. முதலை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பிறகு எல்லாம் சேர்ந்து சிமிட்டத் தொடங்கின. மூடித் திறந்து, மூடித் திறந்து, எங்கள் இரண்டு பேரையும்தான்.

எனக்குத் தெரிந்த குர்ஆன் சூராவெல்லாம் மறந்துபோனது. அந்தக் கரடி பிறந்ததே எங்கள் வீட்டு மேசையில். அதன் மூக்கை அரத்தாளால் தேய்த்துக் கொடுத்தது நான். அதற்கே இப்படிப் பயந்தேன்.

எழும்பி ஓடத்தான் நினைத்தேன். ஆனால் இஹ்ஸான் கையை விடவில்லை. எனக்கு ஓடக் கால் இருந்தது, அவனுக்கு இல்லை. ஒரு கிழமையாக இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான் என்று நினைத்ததும் வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது. ஓடவில்லை.

தலையை ஒரு சாண் உயர்த்தினேன். கண்கள் மூடிக்கொண்டன. தாழ்த்தினேன். திறந்தன. என் தலையைப் பார்த்துத்தான் திறக்கின்றனவா என்று நினைத்தேன். மேலே மின்சாரக் காத்தாடி சுற்றுகிற வேகமும் கண்கள் சிமிட்டுகிற வேகமும் ஒன்றுபோலத் தோன்றியது. மிஸியைக் கூப்பிட்டு, அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். காத்தாடி மெதுவாக, சிமிட்டலும் மெதுவானது. காத்தாடி நின்றதும் சிமிட்டல் நின்றுவிட்டது. ஆனால் கண்கள் மூடவில்லை. திறந்தபடி அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது இன்னும் மோசம்.

அப்போதுதான் திரும்பி எங்கள் தலைக்குப் பின்னால் பார்த்தேன். சுவரில் நீளமான லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் மிஸி என்றேன். அணைத்ததும் சுவர் இருண்டது, கண்கள் போயின. போட்டதும் வந்தன.

பின்னால் இருக்கிற லைட் வாப்பாவின் வார்னிஷில் பட்டுத் தெறித்து, தலையணையில் படுத்திருக்கிறவருடைய கண்ணுக்கு நேராக வருகிறது. நடுவில் சுற்றுகிற காத்தாடி அதை வெட்டி வெட்டிச் சிமிட்ட வைக்கிறது. நிற்கிற ஆளுக்கு அது தெரியாது.

மிஸியும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, ஐயோ பிள்ளைகள் என்று நெஞ்சில் கை வைத்தார். ஆனால் ஊசி மருந்துக்கு அந்த லைட் இல்லாமல் முடியாது. மிருகங்களைக் கழற்றிவிடலாம் என்றார். அதைக் கேட்டதும் இஹ்ஸான் அலறிவிட்டான்.

"கழட்ட வேணாம். கழட்டினா அது எங்க போயிருக்கு எண்டு எனக்குத் தெரியாது. கட்டிலுக்குக் கீழ வந்திரும்."

அவன் சொன்னதும் நானே ஒரு தடவை கட்டிலுக்குக் கீழே பார்த்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதற்கு என்ன.

அவனுடைய பையில் பவுடர் டின் இருந்தது. மிஸி ஸ்டூலில் ஏறி, விரலால் தொட்டு, கரடியின் ஒரு கண்ணில் பவுடரைப் பூசினார். அந்தக் கண் அணைந்துபோனது. மற்றக் கண் மட்டும் எரிந்தது.

"ஒரு கண்ணு நித்திரையாப் போயிட்டு" என்றான் இஹ்ஸான். ஒரு கிழமைக்குப் பிறகு அவன் குரல் அவன் குரல் மாதிரிக் கேட்டது.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. மினுக்கம் இல்லாவிட்டால் வர்ணம் செத்துப்போகும், வார்னிஷ் இல்லாவிட்டால் உப்புக்காற்றுக்கு ஒரு வருசத்தில் உதிர்ந்துவிடும் என்றார். பிறகு தன் மரப் பட்டறையைக் கூட்டத் தொடங்கினார். வாப்பாவுக்குக் கோபமோ கவலையோ வந்தால் பட்டறையைக் கூட்டுவார். அன்றைக்கு இரண்டு தடவை கூட்டினார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மேசையில் புது டின்கள் இரண்டு இருந்தன. வாப்பா கல்முனை ஹாட்வெயார் கடைக்குப் போய் வந்திருக்கிறார். ஒன்று முழுவதும் மினுக்கம் இல்லாத மட் வார்னிஷ். மற்றது பட்டுத் துணி மாதிரி அரை மினுக்கம். இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரர் அலுமாரித் தட்டின் பின்னாலிருந்து தூசு தட்டிக் கொடுத்தாராம்.

மரத்துண்டுகளில் கரடியின் கறுப்பையும் நடுவில் ஒரு கண்ணையும் வரைந்தோம். ஒன்றுக்குப் பழைய வள்ள வார்னிஷ். ஒன்றுக்கு மட். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் பூசினோம், பொழுதுபட மஃரிபுக்குக் கொஞ்சம் முன் காய்ந்துவிட்டது. வாப்பா பட்டறை ஜன்னல்களைச் சாத்தினார். நான் சாக்கை மடித்துத் தலைக்கு வைத்து மரத்தூளில் மல்லாந்து படுத்தேன். வாப்பா என் தலைக்குப் பின்னால் டோர்ச்சைப் பிடித்தார்.

பழைய வார்னிஷ் துண்டு கண்ணைத் திறந்தது. அது தெரிந்ததுதான்.

மட் பூசிய துண்டும் திறந்தது. அதே வெள்ளை. அதே முறைப்பு. மினுக்கம் இல்லை என்று டின்னில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கண்ணுக்கு வாசிக்கத் தெரியாது போலிருந்தது. இருட்டுப் பட்டறையில் அந்த இரண்டு கண்களுக்கும் கீழே கிடக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவேளை வார்னிஷ் காரணமே இல்லையோ, வேறு ஏதாவதோ என்ற எண்ணம் வந்தது. அப்படியானால் திங்கட்கிழமை இஹ்ஸான் கட்டையாகப் போகிற காலோடு வீட்டுக்குப் போவான்.

பார்த்தாயா என்றார் வாப்பா. அவர் குரலிலும் சந்தோசம் இல்லை.

எழும்பி டின்னைத் தூக்கிப் பார்த்தேன். அளவுக்கு மீறிப் பாரமாக இருந்தது. குச்சியை விட்டுக் குத்தினேன். மேலே தண்ணீர் மாதிரி, அடியில் மாக்கூழ் மாதிரிக் கட்டியாக ஏதோ.

"இது அடியில கிடக்கு வாப்பா. நீங்க கலக்கல்லையா?"

"வார்னிஷ ஆராவது கலக்குவானா? குமிழி வந்திரும்" என்றார் வாப்பா.

அது வள்ள வார்னிஷின் சட்டம். அதைக் கலக்கக் கூடாது, குலுக்கக் கூடாது என்று எங்கள் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இது வேறு சாமான். மினுக்கத்தைக் கொல்லுகிற மருந்து முழுக்க அடியில் படுத்திருக்க, நாங்கள் மேல் தெளிவைப் பூசியிருக்கிறோம். நோன்புக் கஞ்சியை அடிப்பிடிக்காமல் துழாவுகிற மாதிரி, குமிழி வராமல் மெல்ல மெல்லத் துழாவினேன். டின் முழுக்கப் பால் நிறமானது. வாப்பா அதையும், மற்ற டின்னைக் கலக்கி அந்த அரை மினுக்கத்தையும் புதுத் துண்டுகளில் பூசினார்.

இரவு இஷாத் தொழுகையும் முடிந்து, துண்டுகள் காய்ந்த பிறகு மறுபடி படுத்தேன். டோர்ச் வெளிச்சத்தில் மட் பூசிய கண் வெறும் வர்ணமாக இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அசையவே இல்லை. வாப்பா டோர்ச்சை என் கையில் தந்துவிட்டுத் தானும் படுத்துப் பார்த்தார். மட் துண்டில் கறுப்பு, சாம்பல் பூசியது மாதிரி வெளுத்திருந்தது. அரை மினுக்கத் துண்டில் கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் கண்ணில் மெல்லிய ஒரு கோடு மினுங்கியது. எதைப் பூசுவது என்று வாப்பா என்னைக் கேட்டார். அந்தக் கட்டிலில் கிடப்பது நானில்லை, இஹ்ஸான்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை வாப்பாவும் நானும் வார்டுக்குப் போனோம். லைட் போட்டதும் வாப்பா தன் பெரிய உடம்பை மடக்கி முழந்தாளிட்டு, இஹ்ஸானின் தலையணையில் தலையை வைத்தார். ஐந்து தலைகளும் கண்ணைத் திறந்து, சிமிட்டி, தங்களைச் செதுக்கிய ஆளைப் பார்த்தன. கரடி மட்டும் பவுடர்க் கண்ணோடு. வாப்பா சட்டென்று தலையை எடுத்துவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது. சால்வையால் துடைத்தார்.

மிஸி துண்டுகளைக் கரடிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். மட் துண்டைப் பார்த்த இஹ்ஸான், இது மௌத்தாகிச் செத்துப்போன கரடி மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றான். அரை மினுக்கத் துண்டில் உடம்பு நல்லது, ஆனால் கண் இன்னும் கொஞ்சம் முழித்திருக்கிறது என்றான். அப்படியானால் உடம்புக்கு அதையும் கண்ணுக்கு மட்டும் மட் வார்னிஷையும் பூசினால் என்ன என்று கேட்டேன். அவன் நீண்ட நேரம் யோசித்தான். டொக்டர்மார்கூட அப்படி யோசிக்க மாட்டார்கள்.

"ஓம். ஆனா திருப்பிக் கொண்டு வரணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள."

அன்று ஐந்தையும் கழற்றினோம். சுவரில் ஐந்து வெளிறிய வட்டங்கள் மிச்சமிருந்தன. அவை எங்கே போகின்றன என்று போர்வைக்குள்ளிருந்து ஸம்றா கேட்டாள். நிப்லா ராத்தாவின் வீட்டுக்குப் போகிறது, அங்கே கட்டிலுக்குக் கீழே வராது, ராத்தா பார்த்துக்கொள்ளுவார் என்று இஹ்ஸான் அவளுக்குச் சொன்னான். பாருங்கள் அவனுடைய வேலையை. அன்றிரவு ஐந்தும் என் அறைக்கு வெளியேதான் இருந்தன. கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

சனிக்கிழமை முழுக்க, வர்ணம் போகாமல் மென்மையான அரத்தாளால் மேல் மினுக்கத்தை உரசி எடுத்தோம். உரசாவிட்டால் புது வார்னிஷ் பிடிக்காது. பிறகு உடம்புக்கு அரை மினுக்கம். வாப்பா மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு கண்ணாக மட் பூசினார். ஒவ்வொரு கண்ணுக்கும் முன் நான் டின்னைத் துழாவினேன்.

ஞாயிறு மாலை மிருகங்கள் சுவருக்குத் திரும்பின. ஆறு மணிக்கு மிஸி சுவிட்சில் கை வைத்தார். சாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார்.

லைட் எரிந்தது. காத்தாடி சுற்றியது. நான் தலையணையில் கன்னத்தை வைத்தேன். கரடி இருந்தது. கறுப்பாக, உரோமம் உரோமமாக, எங்கோ பார்த்துக்கொண்டு. அது திறக்கவில்லை. ஆந்தை திறக்கவில்லை. முதலை திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவோரத்தில் ஸம்றாவின் போர்வை மூக்கு வரை இறங்கியது, பிறகு கழுத்து வரை.

இஹ்ஸான் இரண்டு இடியப்பம் சாப்பிட்டான். மூன்றாவதையும் கேட்டான். சாச்சி ஊட்டிவிட்டுக் கை கழுவப் போனவர், திரும்பி வரும்போது மிஸியிடம் நின்று, நாளைக்கு டிக்கட் வேண்டாம், இரண்டு கிழமையும் இருந்துவிட்டே போகிறோம் என்றார்.

வாப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்ன நேரம் நான் பொய்யெண்டு சொல்லிட்டன் மகன். நீங்க சொன்னதுதான் உண்ம. பிழ என்னிலதான்."

ஒரு பெரிய ஆள் ஏழு வயதுப் பிள்ளையிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இஹ்ஸான் அவரை நன்றாகப் பார்த்தான்.

"ஓம் பெரியவாப்பா. நான் ஒரு கிழமையா சொன்னன்."

பிறகு முகத்தை மூடிக்கொள்ளாமல், லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, கரடியைப் பார்த்தபடி தூங்கிப்போனான்.